நடந்த டிரேடை நடக்காததாக்குவது

வேலை கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஆயிரம் பங்கு வாங்குற ஆர்டர் முழுசா முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அதுல ஒரு டிரேடுக்கு பஸ்ட் வருது. உங்க புரோகிராம் என்ன பண்ணும்?" பெரும்பாலானவர்கள் உடனே ஆர்டர் கேன்சல் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் கேட்டது அது இல்லை.

சந்தையில் காத்துக்கொண்டிருக்கும் ஆர்டரைத் திரும்பப் பெறுவது அன்றாட வேலை. டிரேடு நடந்து முடிந்து, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உறுதிச் செய்தி போய், கணக்கிலும் ஏறிய பிறகு "அது செல்லாது" என்றோ (இதுதான் பஸ்ட்) "விலை தப்பு, இதுதான் சரி" என்றோ (இது கரெக்ஷன்) வரும் செய்தி வேறு ரகம். முதலாவதை எழுதத் தெரியாத புரோகிராமர் இல்லை. இரண்டாவதை ஒழுங்காக எழுதி வைத்திருந்த கம்பெனிகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். அதற்கு நம் ஊர்ச் சந்தை வளர்ந்த விதமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு தரகர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. 1994 நவம்பரில்தான் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியிருந்தது. மொட்டை மாடியில் விசாட் டிஷ், கீழே கறுப்புத் திரையில் என்.எஸ்.இ.யின் வர்த்தக மென்பொருளான நீட். எங்கள் முதலாளி அதற்கு முன்பு செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் கூவி வியாபாரம் செய்தவர். அங்கே திருத்தம் என்றால் என்ன என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் வாங்கியவரும் விற்றவரும் நோட்டை ஒப்பிடுவார்கள். இவர் 200 என்று எழுதியிருப்பார், அவர் 100 என்று எழுதியிருப்பார். காபி குடித்தபடி பேசி, பேனாவால் அடித்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாளைக்கும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதால் விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்தது.

நீட் திரையில் எதிராளிக்கு முகமே கிடையாது. விற்றவர் கல்கத்தாவா, ராஜ்கோட்டா, பக்கத்துத் தெருவா என்று தெரியாது. டிரேடு கேன்சல் கேட்கும் வசதி மென்பொருளில் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், அதன் பிறகு எக்ஸ்சேஞ்ச் ஒப்புக்கொள்ள வேண்டும். எஃப்1 வாங்குவதற்கு, எஃப்2 விற்பதற்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசை. மயிலாப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் "வித்துடுங்கோ, வித்துடுங்கோ" என்று அவசரப்படுத்துவார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கியபடி டீலர் எஃப்1ஐத் தட்டியிருப்பார். விற்க வேண்டியதை வாங்கியாகிவிட்டது. எதிராளியின் சம்மதம் கேட்டுப் பார்க்கலாமா என்று புதிதாக வந்த பையன் ஒருவன் கேட்டதற்கு முதலாளி சொன்னார்: "லாபத்துல இருக்கறவன் எதுக்குப்பா கேன்சலுக்கு ஒத்துப்பான்? போய் ரெண்டு மடங்கு வித்துட்டு வா."

அவ்வளவுதான் அன்றைய திருத்த முறை. தவறாக வாங்கியதைச் சந்தையிலேயே விற்றுத் தீர்ப்பது, வித்தியாசத்தை எரர் அக்கவுண்ட்டில் போடுவது. டிரேடு அப்படியே நிற்கும். அதற்கு எதிராக இன்னொரு டிரேடு எழும். இந்தப் பழக்கம் எங்கள் தலைமுறையின் மூளையிலேயே பதிந்துவிட்டது. பின்னாளில் நாங்கள் எழுதிய மென்பொருளிலும் அது தலைகாட்டியது.

திருத்தம் என்ற பெயரில் தாராளமாக நடந்தது வேறொன்று: கிளையன்ட் கோட் மாற்றம். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை டிரேடு தரகருடையது, அது எந்த வாடிக்கையாளருக்கு என்பது ஒரு கட்டத்தில் இருக்கும் குறியீடு. சந்தை மூடிய பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தை மாற்ற அனுமதி உண்டு. தேவையான வசதிதான். எங்கள் பட்டியலில் மயிலாப்பூர், மந்தைவெளி முகவரிகளில் மட்டும் எத்தனை ராமச்சந்திரன்கள், எத்தனை சுப்பிரமணியன்கள்! எழுத்து ஒன்றாகவும் எண் முன்பின்னாகவும் இருக்கும் கோடுகளை ஒரு நாளைக்குப் பல நூறு முறை அடித்தால் தப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் மார்ச் மாதத்தில் மட்டும் இந்தத் தப்புகள் ஏன் கூடின? வருமான வரிக்காக லாபத்தை ஒருவர் கணக்கிலிருந்தும் நஷ்டத்தை இன்னொருவர் கணக்கிலிருந்தும் தூக்கிப் போடுவதற்குச் சந்தை முழுவதும் இந்தக் கட்டம் பயன்பட்டது. வரித்துறை விழித்துக்கொண்டது. 2011 ஜூலையில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் சுற்றறிக்கை வந்தது. குறியீடோ பெயரோ ஒன்றுபோல் இருந்து அடிப்பதில் நேர்ந்த பிழை, உறவினர்களுக்குள் மாற்றம் போன்றவைதான் உண்மையான பிழை, மற்றதற்கெல்லாம் அபராதம். மாற்றிய டிரேடுகளின் மதிப்பில் 1 சதவீதம், அளவு மீறினால் 2 சதவீதம். ஆகஸ்ட் 1 முதல் அமல். அதற்குப் பிறகு தரகர்களின் விரல்கள் திடீரென்று துல்லியமாகிவிட்டன.

இதற்குள் நான் மென்பொருள் பக்கம் வந்துவிட்டேன். என்.எஸ்.இ.யின் சொந்தத் திரைக்குப் பதிலாகத் தரகரின் கணினியையே எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் சி.டி.சி.எல். மென்பொருள்கள் பெருகிய காலம். எக்ஸ்சேஞ்ச் தந்த கையேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். 2222 வந்தால் டிரேடு நடந்துவிட்டது. இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். டிரேடு கேன்சல் கேட்பதற்கு 5440. அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் பார்த்த பல மென்பொருள்களில் கேன்சல் உறுதிச் செய்திக்கான இடத்தில் "பின்னர் எழுத வேண்டும்" என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. அந்தச் செய்தி வந்தால்தானே குறை தெரியும்?

வெளிநாட்டுத் தரகர்களுக்கு வேலை செய்யும் ஒரு கம்பெனியில், அடையாறு எல்.பி. ரோடு பக்கம், நான் சேர்ந்தபோதுதான் அந்தச் செய்தி தினமும் வந்தது. அங்கே பேச்சு ஃபிக்ஸ் மொழியில். 1992இல் ஃபிடெலிட்டியும் சாலமன் பிரதர்ஸும் தங்களுக்குள் போனில் கத்துவதைக் குறைக்க உருவாக்கிக்கொண்ட செய்தி முறை உலகம் முழுவதும் பரவியிருந்தது. ஒரு செய்தி என்பது எண்ணும் (அதற்கு டேக் என்று பெயர்) மதிப்பும் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட வரி. 35=8 என்றால் எக்ஸிக்யூஷன் ரிப்போர்ட். 17இல் அந்த டிரேடின் அடையாளம், 31இல் விலை, 32இல் எண்ணிக்கை, 14இல் இதுவரை மொத்தம், 6இல் சராசரி விலை. பஸ்ட்டோ கரெக்ஷனோ வந்தால் 19இல் எந்தப் பழைய டிரேடைச் சொல்கிறோம் என்ற குறிப்பு இருக்கும். கூத்து முழுவதும் அந்த 19இல்தான்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆயிரம் பங்கு வாங்கும் ஆர்டர். 400 பங்கு 52.10 டாலருக்கு, 600 பங்கு 52.20க்கு. மொத்தம் 1,000, சராசரி 52.16. ஆர்டர் முடிந்தது. அரை மணி கழித்து ஒரு கரெக்ஷன்: முதல் டிரேடின் விலை 52.10 இல்லை, 52.00. சரியான மென்பொருள் பழைய 400ஐ எடுத்துவிட்டுப் புதிய 400ஐ வைக்கும். மொத்தம் அதே 1,000, சராசரி 52.12. நம் வீட்டுப் பழக்கத்தில் எழுதிய மென்பொருள் 35=8ஐப் பார்த்ததும் இன்னொரு டிரேடு என்று கூட்டிவிடும். மொத்தம் 1,400. ஆயிரம் கேட்டவருக்கு ஆயிரத்து நானூறு. ரிஸ்க் அலாரம் அடிக்கும், டீலர் பதறிப்போய் இல்லாத 400ஐ விற்கப் போவார். தப்பு அங்கேதான் காசாக மாறுகிறது.

பஸ்ட்டை ஓர் எதிர் டிரேடாகப் பதிவு செய்த மென்பொருளையும் பார்த்திருக்கிறேன். வாங்கியது செல்லாது என்றால் அதே எண்ணிக்கையை விற்றதாக எழுதிவிடுவது. அப்பட்டமாக எங்கள் தி.நகர் முதலாளியின் வைத்தியம். கையிருப்பு சரியாக வரும், அதனால் மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் நடக்காத விற்பனைக்குத் தரகுக் கட்டணம் ஏறும், டர்னோவர் வீங்கும், கான்ட்ராக்ட் நோட்டில் வாடிக்கையாளர் செய்யாத வியாபாரம் இருக்கும். நம் ஊர் நிறுவனம் என்றால் 2004 அக்டோபருக்குப் பிறகு பங்குப் பரிவர்த்தனை வரியும் சேர்ந்துகொள்ளும்.

பதிப்பு மாறியதில் நடந்த கூத்து தனி. ஃபிக்ஸ் 4.2 வரை 20ஆம் டேகில் விஷயம் இருந்தது: 0 என்றால் புதுசு, 1 என்றால் ரத்து, 2 என்றால் திருத்தம். 4.3இல் அந்த டேகையே தூக்கிவிட்டு, 150ஆம் டேகில் எஃப், ஜி, எச் என்று எழுத்துகளாக்கினார்கள்: டிரேடு, திருத்தம், ரத்து. ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் 4.2இலிருந்து 4.4க்கு மாறியது. பழைய நிரல் 20ஆம் டேகைத் தேடியது, இல்லை. இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள் என்று எவரோ எப்போதோ எழுதியிருந்தார்கள். விளைவு, அன்று முதல் வந்த ரத்துகளும் திருத்தங்களும் புத்தம்புது டிரேடுகளாக உள்ளே போயின. சோதனைக் கட்டத்தில் இது தெரியவில்லை, ஏனென்றால் சோதனையில் புது டிரேடுகளை மட்டும்தான் அனுப்பிப் பார்த்திருந்தார்கள்.

2010 மே 6 இரவை அப்போது நைட் ஷிஃப்ட்டில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். நியூயார்க்கில் மதியம் 2:40 தாண்டியபோது நமக்கு நள்ளிரவு 12:10. சில நிமிடங்களில் டோ குறியீடு அதலபாதாளத்துக்குப் போய்த் திரும்பியது. அக்சென்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. முதலில் எங்கள் பையன்கள் விலைத் தரவில்தான் கோளாறு என்று நினைத்து, ஃபீடை ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்டார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். அங்கே மாலையில் எக்ஸ்சேஞ்சுகள் கூடிப் பேசி, 2:40 நிலவரத்திலிருந்து 60 சதவீதமோ அதற்கு மேலோ விலகிய டிரேடுகளை ரத்து செய்வதென்று முடிவெடுத்தன. 300க்கும் மேற்பட்ட பங்குகளில் 20,000க்கும் அதிகமான டிரேடுகள்.

நமக்கு விடிகிற நேரத்தில் பஸ்ட்டுகள் வரத் தொடங்கின. ஒரு வாடிக்கையாளரிடம் நாள் முடிவு வேலைகள் ஓடி முடிந்திருந்தன. ஆர்டர்கள் எல்லாம் பழைய பதிவேட்டுக்குப் போய்விட்டன. வந்த பஸ்ட் ஒவ்வொன்றையும் "இப்படி ஓர் ஆர்டரே இல்லை" என்று மென்பொருள் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஃபிக்ஸில் இதற்காகவே 35=க்யூ என்று ஒரு செய்தி உண்டு: இந்த டிரேடு எனக்குத் தெரியாது என்று எதிராளியிடம் சொல்வது. அதை ஒழுங்காக அனுப்புகிறவர் குறைவு. அனுப்பினாலும் அந்தப் பக்கம் படிக்க ஆள் இருக்குமா என்பது வேறு. கடைசியில் பதிவுக் கோப்பிலிருந்து வரிகளைப் பிரித்தெடுத்து எக்செல்லில் போட்டு, ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அதைவிடக் கொடுமை, தரைமட்ட விலையில் வாங்கி, ஏறியதும் நல்ல விலைக்கு விற்றவர்கள் நிலை. வாங்கியது ரத்து, விற்றது ரத்தாகவில்லை. இல்லாத பங்கை விற்றவர்களாக நின்றார்கள்.

ரத்தே முடியாமல் போனதற்கும் பெயர்பெற்ற உதாரணம் உண்டு. 2005 டிசம்பர் 8, டோக்கியோ. ஜே-காம் என்ற புதிய பங்கில், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய மிசுஹோ செக்யூரிட்டீஸ் டீலர் 6,10,000 பங்கை ஒரு யென்னுக்கு என்று அடித்துவிட்டார். உடனே தெரிந்துவிட்டது, திரும்பத் திரும்ப ஆர்டர் கேன்சல் அனுப்பினார்கள். எக்ஸ்சேஞ்சின் மென்பொருளில் இருந்த பிழையால் கேன்சல் ஏறவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். வழக்கில் எக்ஸ்சேஞ்ச் 1,070 கோடி யென் தர வேண்டும் என்று 2009இல் டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேன்சல் பாதையை யாரும் முழுதாகச் சோதிப்பதில்லை என்று நான் புலம்பும்போது இந்த வழக்கைத்தான் எடுத்துப் போடுவேன்.

நம் பக்கம் 2012 அக்டோபர் 5. எம்கே குளோபல் நிறுவனத்திலிருந்து 59 தவறான ஆர்டர்கள், மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல். நிஃப்டி நொடிகளில் 15 சதவீதத்துக்கு மேல் சரிந்து, சந்தை கால் மணி நேரம் நின்றது. டிரேடுகளை ரத்து செய்யக் கேட்டார்கள், என்.எஸ்.இ. மறுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம், 2011 தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில், ஓர் உறுப்பினரின் ஆல்கோ (தானாக ஆர்டர் போடும் நிரல்) தாறுமாறாக ஓடியதால் பி.எஸ்.இ. டெரிவேட்டிவ் டிரேடுகளை ரத்து செய்திருந்தது. ஒரு எக்ஸ்சேஞ்ச் ரத்து செய்கிறது, இன்னொன்று மாட்டேன் என்கிறது. எதன் அடிப்படையில் என்று கேட்டால் பதில் இல்லை.

2015 ஜூலையில் செபி இதற்கு ஒரு கொள்கை வகுத்தது. டிரேடு நடந்து 30 நிமிடத்துக்குள் கேட்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மனது வைத்தால் 60 நிமிடம் வரை. விண்ணப்பக் கட்டணம் டிரேடு மதிப்பில் 5 சதவீதம், குறைந்தது 1 லட்சம், அதிகபட்சம் 10 லட்சம். சின்னத் தரகர் ஒருவர் இந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு "இதுக்கு நஷ்டத்தையே ஏத்துக்கலாம் சார்" என்றார். கட்டணம் அதற்காகத்தான் வைத்தது. அடித்தவருக்குத் தப்பு என்றால், மறுபக்கம் ஒழுங்காக வியாபாரம் செய்தவருக்கு அது டிரேடு. அவரிடமிருந்து பிடுங்குவது சுலபமாக இருக்கக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் அதன் பக்கவிளைவு, இந்தியச் சந்தைக்கு மட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள் பஸ்ட்டைப் பார்க்காமலே ஓய்வுபெற்றுவிட முடியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. அடையாறு பொங்கி, கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பாலங்களில் போக்குவரத்து நின்றுபோன நாட்கள். லைன் போய்ப் போய் வந்தது. மயிலாப்பூரில் மின்சாரம் இருந்த ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாலு லேப்டாப்போடு உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களைச் சமாளித்தோம். அந்த வீட்டு மாமி வேளாவேளைக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தார். லைன் திரும்பியதும் விட்டுப்போன செய்திகளை எதிர்முனை மறுபடி அனுப்பும், ஒவ்வொன்றிலும் 43=ஒய் என்று குறி இருக்கும்: இது ஏற்கெனவே அனுப்பியதாக இருக்கலாம் என்று அர்த்தம். "இருக்கலாம்" என்பதை ஒரு நிறுவனத்தின் மென்பொருள் "ஆம்" என்றே எடுத்துக்கொண்டு, குறி உள்ள எல்லாவற்றையும் நகல் என்று தூக்கிப் போட்டது. உண்மையில் அவை முதல்முறையாக வந்து சேர்ந்தவை. அவற்றுக்குள் திருத்தங்களும் இருந்தன. இன்னோர் இடத்தில் இதற்கு நேர் எதிர்: குறியைக் கண்டுகொள்ளாமல் ஒரே பஸ்ட்டை இரண்டு தடவை கழித்தது. குறியைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. 17இல் உள்ள அடையாளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்த அடையாளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பல தரகர்கள் அதை ஒரு நாளைக்குள் மட்டும் தனித்துவமாக வைத்திருப்பார்கள். மறுநாள் அதே எண் வேறு டிரேடுக்குப் போகும். நேற்றைய டிரேடுக்கு இன்று பஸ்ட் வந்தால் எந்த டிரேடு செத்துப்போகும்? திருத்தத்தின் மேல் திருத்தம் வந்தாலும் இதே தலைவலி. சிலர் 19இல் முதல் டிரேடைச் சுட்டுவார்கள், சிலர் கடைசித் திருத்தத்தைச் சுட்டுவார்கள், இரண்டு பேரும் தாங்கள் செய்வதே விதிப்படி என்பார்கள். முடிந்த ஆர்டரில் ஒரு டிரேடு ரத்தானால், அந்த எண்ணிக்கைக்கு ஆர்டர் மறுபடி உயிர்பெற்றுச் சந்தைக்குப் போகுமா, போகாதா? இடத்துக்கு இடம் மாறும். ஆவணத்தில் தேடாமல் எதிராளியிடம் நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதே வழி.

மொத்தத்தையும் சராசரியையும் ஓடுகிற கணக்காக வைத்து ஏற்றி இறக்கும் முறையை நான் எங்கும் ஒப்புக்கொள்வதில்லை. வந்த செய்திகள் அனைத்தையும் அழிக்காமல் அடுக்கி வைத்து, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டச் சொல்வேன். வட்டில் இடம் வீணாகும் என்று ஒரு மேனேஜர் வாதாடினார். அவருக்கு மே 6 எக்செல் கோப்பைக் காட்டினேன்.

முன்பெல்லாம் தப்பைச் சரிசெய்ய அவகாசம் இருந்தது. 2003 ஏப்ரலிலிருந்து இரண்டு நாள் செட்டில்மென்ட். 2023 ஜனவரி 27 முதல் இந்தியாவில் எல்லாப் பங்குக்கும் ஒரே நாள். 2024 மே மாதம் அமெரிக்காவும் அதற்கு வந்துவிட்டது. சாயங்காலம் வந்த பஸ்ட்டை நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் பணமும் பங்கும் கைமாறக் கிளம்பியிருக்கும். புதிதாக ஓர் எதிராளியோடு இணைப்புச் சோதனை நடத்தப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புது ஆர்டர், ஆர்டர் கேன்சல் எல்லாம் ஓடியதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முழுசாக முடிந்த ஆர்டரில் ஒரு கரெக்ஷன், அந்தக் கரெக்ஷனுக்கு மேல் இன்னொன்று, அதற்கு ஒரு பஸ்ட், கடைசியாக மறுநாள் காலையில் நேற்றைய டிரேடுக்கு ஒரு பஸ்ட். இந்த நாலையும் அனுப்பச் சொல்லி அடம்பிடியுங்கள். எங்களிடம் அந்த வசதி இல்லை என்று அவர்கள் சொன்னால், உங்கள் மேலாளருக்கு அதை மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.